இரண்டு பெஞ்சு வரத்துக்காரர்கள்

மழை ஓய்ந்த காலையில் ஒட்டுப்பால் நாறும் நாற்றத்தை அறியாதவர்களுக்கு அதை எழுதிக் காட்ட முடியாது. ரப்பர் மரத்துச் சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்துபோன பாலை உரித்துச் சாக்கில் திணித்து, அந்த ஈரச் சாக்கை எங்கள் சாயாக்கடை வாசலில் இறக்கிவைத்துவிட்டு ஆட்கள் உள்ளே வந்து உட்காரும்போது, மூக்கைப் பொத்துகிறவர் யாரோ அவர் வெளியூர் என்று நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். எங்களுக்கு அந்த நாற்றம் வந்தால் பசிக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் அப்பா முதல் ஈடு பழம்பொரியை எண்ணெயிலிருந்து அள்ளுவார்.

குலசேகரத்திலிருந்து மலைக்கு ஏறும் பாதை இரண்டாகப் பிரிகிற முக்கில் கடை இருந்தது. இடப்பக்கம் ஓடையைத் தாண்டினால் கோட்டயத்துப் பக்கமிருந்து வந்து மலையில் இடம் வாங்கிய மலையாளக் கிறிஸ்தவர்களான அச்சாயன்மார். வலப்பக்கம் ஏறினால் அரசு ரப்பர் தோட்டம். அதன் நீண்ட லைன் வீடுகளில், சிலோன் தேயிலை மலையிலிருந்து இரு நாட்டு ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இரு சாராரையும் எங்கள் ஊரார் ‘வரத்துக்காரவிய’ என்று ஒரே சொல்லில் சொல்லுவார்கள், வந்து குடியேறியவர்கள் என்று பொருள். சொல்தான் ஒன்று, மரியாதை ஒன்றல்ல. அச்சாயன் ஒருவர் வந்தால் அப்பா தோளில் கிடக்கும் துண்டாலே இடப்பக்கத்துப் பெஞ்சைத் தட்டிவிட்டு “வாங்கோ” என்பார். சிலோன்காரர் வந்தால் தாமாக வலப்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். யாரும் சட்டம் போட்டதில்லை, ஆனாலும் யாரும் மாறி உட்கார்ந்ததில்லை.

இரண்டு பெஞ்சுக்கும் நடுவே தண்ணீர்க் கோப்பை எடுத்துக்கொண்டு நடந்தே நான் வளர்ந்தேன். அச்சாயன்மார் கட்டன்காப்பி குடிப்பார்கள். சிலோன்காரர்கள் பாலில்லாத சாயாவை ‘பிளேன்டீ’ என்பார்கள், சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வாங்கி நக்கிக்கொண்டு குடிப்பார்கள். அப்பாவின் சாயாவைக் குடித்துவிட்டு ஒரு சிலோன் கிழவர், “மொதலாளி, இது துணி அலசுன தண்ணிங்களா?” என்று பணிவாகக் கேட்பார். அப்பாவும் விடமாட்டார். “நீரு தேயிலைக்க மேலேயே பொறந்த ஆளாக்கும். நம்ம சாயா உமக்கு எறங்குமா?” என்பார். கேட்டால் அந்தக் கிழவரே சொல்லுவார், நல்ல தேயிலை எல்லாம் கப்பலேறிப் போய்விடும், அவர்களுக்குக் கிடைத்தது கூட்டிப் பெருக்கிய தூள்தான் என்று.

இரு கூட்டமும் மலையிலிருந்து மலைக்கு வந்தவர்கள், இரு கூட்டமும் உழைக்க அஞ்சாதவர்கள், பிறகெப்படி ஒன்று பத்து வருடத்தில் ஓட்டு வீடு கட்டியது, மற்றது அதே ஒற்றை அறையில் மூன்றாம் தலைமுறையைத் தாலாட்டியது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது கொஞ்சம் புரிகிறது. அச்சாயன்மார் தாங்களாகப் புறப்பட்டவர்கள். அங்கே இருந்த துண்டு நிலத்தை விற்று இங்கே அதைப்போல் பல மடங்கு வாங்கினார்கள். ஒருவர் வந்து ஓலைக் கொட்டகை போட்டால் அடுத்த வருடம் மச்சினன் வருவான், அதற்கடுத்த வருடம் மச்சினனின் தம்பி, எல்லாருக்கும் பின்னால் ஒரு பாதிரியார். சொந்த வீட்டுக்குக் கூரை போடுமுன் பள்ளிக்குக் கூரை போட்டார்கள். சிலோன்காரர்கள் அனுப்பப்பட்டவர்கள். தகரப்பெட்டியோடு கப்பலிறங்கி முகாமில் காத்திருந்தபோது, அண்ணனுக்கு நீலகிரி, தம்பிக்கு இங்கே, அக்காவுக்கு வேறெங்கோ என்று காகிதம் சொன்ன இடத்துக்குப் போனார்கள். கல்யாணமென்றால் கூப்பிட மாமன் பக்கத்தில் இல்லை. இங்கே தந்தது வேலை, வேலையோடு ஒட்டிய வீடு. வேலை நின்றால் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தச் சாவியில்தான் என் கூட்டுக்காரி ராஜியின் கதை இருக்கிறது.

ராஜேஸ்வரி என் வகுப்பு. அவளுடைய அம்மா பாக்கியம் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. சின்ன வயதிலிருந்தே கூடையைச் சுமந்து தேயிலைச் சரிவில் ஏறியிறங்கியதில் பாக்கியத்தக்காவின் முட்டு தேய்ந்திருந்தது; நாங்கள் பத்தாம் வகுப்பு எழுதிய வருடம் குந்தி எழுந்திருக்கவே முடியாமல் போய்விட்டது. பால் வெட்டுகிறவர்கள் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர வேண்டும். வேலையை விடு, அல்லது வீட்டிலிருந்து வேறு ஆளை அனுப்பு என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வேறு ஆள் என்றால் ராஜிதான்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த சனிக்கிழமை, பாக்கியத்தக்கா ஒரு தூக்குச்சட்டி நிறையக் கேசரியோடு நொண்டி நொண்டிக் கடைக்கு வந்தார். மகள் பாசானதற்குத்தான் என்று அப்பா கையை நீட்டினார். அதற்கில்லையாம். திங்கள்கிழமை தோட்டத்தில் ராஜிக்குப் பேர் பதியப்போகிறார்களாம். தேயிலை மலையில் அது ஒரு சடங்கு. பிள்ளைக்கு வயது வந்து கணக்கில் பேர் ஏறினால் லைன் முழுக்க இனிப்புக் கொடுப்பார்கள். அந்த மனுஷி கடல் தாண்டி வந்தும் அந்தச் சடங்கை விடவில்லை. மகள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், கண் வீங்கியிருந்தது. கேசரி இனிப்பாகத்தான் இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

இடப்பக்கத்துப் பெஞ்சில் அன்றைக்கு ஏலிச்சேடத்தி இருந்தார். ஓடைக்கு அப்பால் முதலில் வந்து குடியேறிய வீட்டம்மா; அச்சாயன் வீட்டு மூத்த பெண்களைச் சேடத்தி என்பார்கள். வெள்ளைச் சட்டையும் விசிறி மடிப்பு முண்டுமாக, ஊர் முழுக்கக் கேட்கும் தொண்டை. மூத்த மகள் நர்சாகக் குவைத்துக்குப் போனவள், பிரசவத்துக்கு வந்து, இரட்டைக் குழந்தைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தாள். சேடத்தி இரு இடுப்பிலும் ஒவ்வொன்றை இடுக்கிக்கொண்டே ரப்பர்ப் பால் உறைய ஆசிட் ஊற்றுவார், உறைந்ததை ஷீட்டாக அடிப்பார், நாலு வீட்டு நியாயமும் பேசுவார்.

“எடீ பாக்கியமே, நினக்குப் பைத்தியமாணோ?” என்று ஆரம்பித்தார். “பத்து பாசாயிட்ட பெண்ணுக்குப் பால் வெட்டுக் கத்தி குடுக்கதுக்கா மதுரம் கொண்டு நடக்கா?”

“அப்பிடிச் சொல்லாதீங்கம்மா. பேரு பதியிறது நல்ல காரியமுங்க.”

“பேரைப் புழுங்கித் தின்னப் பற்றுமோ? மண்ணு வேணுமெடீ. மண்ணிருந்தா ஒருத்தனும் எறங்குன்னு சொல்லமாட்டான்.”

பாக்கியத்தக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “ஒங்களுக்கு மண்ணுங்கம்மா. எங்கப்பாருக்கு அந்த நாட்டுலயும் பேரு இல்ல, இந்த நாட்டுலயும் பேரு இல்ல. எந்தக் காயிதத்துலயும் இல்லாமத்தான் செத்தாரு. பேரு இருந்தாத்தான் அரிசி, பேரு இருந்தாத்தான் குடியிருக்கக் காம்பரா. எம்மவ பேரு இல்லாம ரோட்டுல நிக்கக் கூடாது.”

அப்பா ஆற்றிக்கொண்டிருந்த சாயாவைக் கீழே வைத்தார். “ஏட்டி ராஜி, நீ என்னட்டி ஒண்ணும் மிண்டாம நிக்க?”

“எனக்குப் படிக்கணும் மாமா,” என்றாள் ராஜி. “வீடும் வேணும்.”

இதற்கு யாரும் பதில் சொல்லுமுன் குழந்தைகள் இரண்டும் ஒருசேர வீரிட்டன. சேடத்தி இதைத் தட்டினால் அது அழுகிறது, அதைத் தட்டினால் இது. பாக்கியத்தக்கா சண்டையை மறந்து இரண்டையும் வாங்கி வலப்பக்கத்துப் பெஞ்சில் மடியிலே கிடத்திக்கொண்டார். அப்பாவின் துண்டைப் பிடுங்கினார், கொடியில் காய்ந்த என் தாவணியை உருவினார், அவற்றைக் கூரை விட்டத்தில் கட்டித்தரும்படி என்னிடம் சொல்லி இரண்டு தொட்டில் போட்டார், இரண்டின் நுனியையும் ஒரே கயிற்றில் முடிந்து கயிற்றைக் காலின் பெருவிரலில் சுற்றிக்கொண்டு ஆட்டினார். கை சும்மா இருந்ததால் கேசரி பரிமாறினார். கொஞ்ச நேரத்தில் கடையில் அடுப்பு எரியும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“இதெங்கனெயாணு?” என்று சேடத்தி முதன்முறையாக மெல்லப் பேசினார்.

“புள்ள மடுவமுங்கம்மா. கொழுந்து பறிக்கப் போறவங்க கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம். எங்கம்மாவுக்கு மல ஏற முடியாமப் போனப்ப அங்கதான் போட்டாங்க. ஒத்த ஆளு, இருபது தொட்டிலு.”

ஏலிச்சேடத்திக்குக் கணக்குப் போட நேரமெடுக்காது. ஓடைக்கு இக்கரையில், அவர்கள் வந்த புதிதில் குடியிருந்த கொட்டகை அப்படியே கிடந்தது. அதையும் அதைச் சுற்றிப் பத்து சென்டையும் பாக்கியம் எடுத்துக்கொள்ளட்டும். பதிலுக்கு இந்த இரண்டும் பள்ளிக்கூடம் போகும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும், ராஜி படிக்கட்டும் என்றார். சும்மா வந்தது எனக்கு வேண்டாம் என்று பாக்கியத்தக்கா சொன்னதும் பழைய தொண்டை திரும்பிவிட்டது. “சும்மா தரதுக்கு ஞான் ஆரு, புண்ணியவாளத்தியோ? ரெண்டெண்ணத்தையும் ஒரு நாள் நோக்கு, அப்பத் தெரியும்!”

எல்லாரும் சிரித்தோம். பாக்கியத்தக்கா சிரிக்கவில்லை. “அந்த எடத்துல பேரு பதிவாங்களாம்மா?” என்று கேட்டார். அங்கே என்ன கேட்கப்படுகிறது என்று சேடத்திக்கு விளங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. விளங்கியதும், “நின்றெ பேரில்தான்டீ பத்திரம்,” என்றார்.

ஆனால் வாய்ச்சொல் வேறு, பத்திரம் வேறு. எழுதிக் கொடுத்தபின் இவள் வேலையை விட்டுவிட்டால் என்ன செய்வாய் என்று சேடத்தியின் கணவர் முனகுவதாகக் கேள்விப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தும் ஓடைக்கு அப்பாலிருந்து பேச்சு மூச்சில்லை. திங்கள்கிழமை விடியுமுன் ராஜிக்குத் துணையாக நானும் தோட்டத்துக்குப் போனேன். அவர்கள் ‘பெரட்டு’ என்று சொல்லும் காலை ஆளெடுப்பில், நெற்றியில் விளக்குக் கட்டிய ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்றார்கள். கணக்கர் ராஜியின் பேரைக் கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள். பாக்கியத்தக்கா முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டார். இன்னும் எழுதப்படாத ஒரு பத்திரத்தை நம்பி, கையில் இருக்கிற பேரை விட வேண்டும். அவர் அப்பா சாகும்வரை எதற்காக ஏங்கினாரோ அதை வேண்டாமென்று சொல்ல வேண்டும். கணக்கர் மறுபடி கேட்டார்.

“வேணாங்கய்யா. இவ பேரு பள்ளிக்கூடத்துல இருக்குதுங்க,” என்றார் பாக்கியத்தக்கா. முடிச்சை அவிழ்த்து வீட்டுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். எனக்கு அழுகை வந்தது, ராஜி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நாங்கள் கீழே இறங்கி வந்தால், கொட்டகை வாசலில் சேடத்தி துடைப்பத்தோடு நிற்கிறார். கணவர் ஏணியில் நின்று கூரைக்கு ஓலை மாற்றிக்கொண்டிருந்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான். அந்த வாரமே குலசேகரத்தில் பத்திரம் பதிவானது. அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் வாசித்துக்கொண்டே போகையில் பாக்கியத்தக்கா குறுக்கிட்டு, “எம்பேரு வர்ற எடத்த இன்னொருக்கா வாசிங்க,” என்றாராம். அவரும் பெரிய மனதாக வாசித்தாராம். இதை அப்பா கடையில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அதற்குப் பிறகு பாக்கியத்தக்கா வந்தால், துண்டை எடுத்து வலப்பக்கத்துப் பெஞ்சையும் தட்டிவிடுவார்.

லைன் வீட்டுப் பெண்களும் விடியுமுன் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட, கொட்டகை நிஜமாகவே பிள்ளை மடுவமானது. அச்சாயன் வீட்டுக் குழந்தையும் சிலோன் வீட்டுக் குழந்தையும் ஒரே கயிற்றில் ஆடின. வாயில் ஒரே எச்சில் கிலுகிலுப்பை.

இப்போது அந்த இரட்டையர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். மலைமேல் சேடத்தியின் பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது. லைன் வீடுகளில் பாதி காலி. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். கோட்டயத்துப் பேச்சும் சிலோன் பேச்சும் எங்கள் பேச்சில் கரைந்து, இப்போது தேடினாலும் கேட்கக் கிடைக்காது. பால் வெட்ட ஜார்கண்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கடையை நடத்துகிற என் தம்பி இந்தியில் போர்டு வைத்திருக்கிறான், பழம்பொரிக்குப் பக்கத்தில் சமோசா அடுக்கியிருக்கிறான், “அவிய வரத்துக்காரவியல்லா” என்று மூச்சுக்கு மூச்சு சொல்லுகிறான்.

ராஜி பள்ளி ஆசிரியையாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றாள். பாக்கியத்தக்கா இன்று இல்லை; அந்தப் பத்து சென்டில் இப்போது மாடி வீடு, பிள்ளை மடுவத்தை ராஜி நடத்துகிறாள். போன மாதம் நான் போய்த் தங்கியபோது, விடியற்காலையில் அதன் முன்னறையில் மூன்று தொட்டில்கள் ஆடின. நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போகிற சுனிதா என்ற பெண் தன் குழந்தையை நான்காவதாகக் கிடத்திவிட்டு, தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டாள்: “டீச்சர், இந்த வீடு யார் குடுத்தது? கம்பெனி?”

“கம்பெனியா? எனக்க அம்மைக்க பேரிலே உள்ளதாக்கும்,” என்றாள் ராஜி, கயிற்றைக் கால் விரலில் சுற்றிக்கொண்டே.

“அம்மா பேர்?”

“பாக்கியம்.”

சுனிதா தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். ராஜி தொட்டிலை ஆட்டினாள். பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொருக்கா சொன்னாள்.

“பாக்கியம்.”