இரண்டு பாலங்களுக்கு நடுவே அரை மணி நேரம்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், அதற்கப்புறம் கை பிடித்ததெல்லாம் லாரி ஸ்டீயரிங்தான். நாலு பேர் முன்னால் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன். பேய், பிசாசு, காத்து கருப்பு எதையும் நான் நம்பினதில்லை. சுடுகாட்டு ஓரம் வண்டியைப் போட்டே தூங்கியிருக்கிறேன். இது நடந்தது பட்டப்பகலில். நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன்.

லாரிகள் நிற்கும் இடத்தில் ஒருநாள் டிரைவர்களை உட்காரவைத்து ஓர் அதிகாரி பேசினார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் ஓட்ட வேண்டும், ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வெடுக்க வேண்டும், சட்டமே அப்படித்தான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாள் முன்னால்தான் ஒரு திருப்பத்தில் கண் சொருகி, எதிரே வந்த பஸ்ஸில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தேன். இப்படியே ஓட்டினால் ஒருநாள் யாரையாவது கொன்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்ற பயம் என்னைவிட்டுப் போகவே இல்லை. எங்கள் முதலாளி குண்டூர் வரைக்கும் மாற்று டிரைவர் இல்லாமல்தான் அனுப்புவார். பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அவரிடம் போய்க் கேட்டேன்.

“மாத்து டிரைவருக்கு நான் எங்கப்பா போவேன்? வழியில அரை மணி நேரம் நிறுத்திக்க, பாப்போம். வண்டி எங்க நிக்குதுன்னு என் போன்லயே தெரியும்,” என்றார். அது சரியாக வந்தால் மாற்று டிரைவரைப் பற்றியும் யோசிப்பதாகச் சொன்னார். எனக்கு அதுவே பெரிசாக இருந்தது.

சித்திரை வெயில். முந்தின நாள் சாயங்காலம் குண்டூரில் மிளகாய் மூட்டை ஏற்றிக் கிளம்பியவன், லோடு தாமதமாகுமோ என்று ஓய்வைத் தள்ளித் தள்ளிப் போட்டு, மத்தியானம் கொள்ளிடம் பாலம் தாண்டினேன். கண் எரிவது மிளகாய் நெடியாலா தூக்கத்தாலா தெரியவில்லை. அடுத்து வரும் காவிரிப் பாலத்தை என்னால் கடக்க முடியாது, அது மட்டும் நிச்சயம். தூரத்தில் ஸ்ரீரங்கம் கோபுரம் தெரிகிற இடத்தில் ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன். சாவியை எடுத்து இடுப்பில் செருகி, இறங்கி முகம் கழுவி, செருப்பை மரத்தடியில் விட்டுவிட்டு ஏறி, சீட்டுக்குப் பின்னாலிருக்கும் படுக்கையில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தேன். ஒரு காக்கா கத்தினது வரைக்கும் நினைவிருக்கிறது.

யாரோ கதவைத் தட்டினார்கள். துண்டை விலக்கிப் பார்த்தால், காவிரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதலாளியின் மன்னார்புரம் குடோன். மூட்டை இறக்கும் மேடையை ஒட்டி வண்டி பின்பக்கமாக நிற்கிறது. நான் படுத்த இடத்திலேயே இருக்கிறேன், சாவி இடுப்பில் இருக்கிறது. லோடுமேன் குமார் கீழே நின்று, “என்னண்ணே, ஓட்டிக்கிட்டே தூங்குறீங்களா, தூங்கிக்கிட்டே ஓட்டுறீங்களா?” என்றான்.

வண்டியை உள்ளே கொண்டுவந்தது யார் என்று கேட்டேன்.

“நீங்கதான். நான்தானே பின்னாடி நின்னு கை காட்டினேன். எப்பவும் முன்ன பின்ன எடுத்துக்கிட்டே கெடப்பீங்க, இன்னிக்கு ஒரே வீச்சுல வெச்சிட்டீங்க. ஆமா, மொகத்த மூடி துண்டு போட்டிருந்தீங்களே, வெயிலுக்கா?”

முதலாளி வந்து போனை நீட்டினார். கொள்ளிடத்திலிருந்து மன்னார்புரம் வரை வண்டி எங்கும் நிற்கவே இல்லை என்று அதில் காட்டியது. “நிறுத்திக்கன்னுதானே சொன்னேன்? நீதான் நிறுத்தலயே. அப்புறம் எதுக்குப்பா மாத்து டிரைவர்?” என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.  நிறுத்தினேன் என்று சொன்னால் தூங்கிக்கொண்டே ஓட்டினவன் என்றாகிவிடும், வேலை போய்விடும். இப்போது வேறு யார் ஓய்வு கேட்டாலும் என்னைத்தான் உதாரணம் காட்டுகிறார். மற்ற டிரைவர்கள் என்னோடு டீ குடிப்பதையே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். செருப்பு மரத்தடியிலேயே இருந்தது. பக்கத்தில் லாரி டயர் தடம், நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. வண்டி ஓரிடத்தில் வெகு நேரம் நின்றால்தான் அப்படிச் சொட்டித் தேங்கும்.

இப்போதெல்லாம் முதலாளி திட்டினாலும் கண் சொருகினால் நிறுத்திவிடுகிறேன். ஆனால் வண்டிக்குள் தூங்குவதில்லை. முன் டயருக்கு முன்னால் தார்ப்பாயை விரித்துக் குறுக்கே படுத்துக்கொள்கிறேன். அது கிளம்பினால் முதலில் என்மேல் ஏறித்தான் கிளம்ப வேண்டும், ரோட்டில் போகிற யாரும் சாக வேண்டாம். போன வாரம் பெரம்பலூர் தாண்டி அப்படிப் படுத்தபோது, டயருக்கும் எனக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டிருந்தேன். விழித்தபோது டயர் என் முதுகை ஒட்டிக்கொண்டிருந்தது. “நீங்கதான் தூக்கத்துல உருண்டிருப்பீங்க,” என்கிறாள் மனைவி. தார்ப்பாயின் ஓரம் டயருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை.

காட்டூர்,
புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.