கூரை இல்லாத பதினேழு வீடுகள்

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு மலையை வெட்டினால் லாபம் வருமா என்று லண்டனில் உட்கார்ந்து சொல்வதுதான் என் தொழில். இரும்புத் தாது எத்தனை ஆண்டுக்கு வரும், ரயில் பாதை போட முடியுமா, துறைமுகம் எவ்வளவு தூரம், அங்கே குடியிருப்பவர்களுக்கு என்ன வழி என்று ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதைப் பார்த்துத்தான் முதலீடு செய்பவர்கள் முடிவெடுப்பார்கள். இந்த வேலையில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர் அலுவலகத்தோடு நிற்பதில்லை என்று என் மனைவி சொல்வாள்.

போன வருடம் வந்த திட்டத்தில் எல்லாம் கூடி வந்திருந்தது. தாது நல்ல தரம். பழைய ரயில் பாதை ஒன்று பக்கத்திலேயே கிடந்தது. மலையடியில் ஒரு கிராமம் மட்டும் இருந்தது. செயற்கைக்கோள் படத்தில் கூரைகளை எண்ணினேன். கூரை இருந்தால் குடும்பம் இருக்கிறது என்று பொருள். அந்தக் குடும்பத்துக்கு மாற்று நிலம் கொடுத்தாக வேண்டும். கிராமத்தின் வடக்கு ஓரத்தில் பதினேழு வீடுகளுக்குச் சுவர் மட்டும் நின்றது. ‘ஆளில்லாதவை’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அந்தச் சொல்லுக்கு நான் ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை.

படங்களைச் சரிபார்ப்பது எங்கள் அலுவலகத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணின் வேலை. லண்டனின் மேற்கு ஓரத்தில் உள்ள ரெய்னர்ஸ் லேனிலிருந்து வருவார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், அதிகம் பேச மாட்டார். மறுநாள் என் மேசைக்கு வந்து, அந்தப் பதினேழு வீடுகளையும் ஏன் விட்டேன் என்று கேட்டார். கூரை இல்லாத வீட்டில் யார் இருப்பார்கள் என்று எரிந்து விழுந்தேன். அறிக்கை அன்று மாலை போக வேண்டும். அந்த நேரத்தில் குறுக்கே யார் வந்தாலும் எனக்குப் பிடிக்காது.

அவர் நகரவில்லை. திரையில் விரலை வைத்தார்.

“எரிஞ்ச வீடும் இல்லை, இடிஞ்ச வீடும் இல்லை. சுவர் நேரா நிக்குது. கூரையைக் கழட்டிக்கொண்டு போயிருக்கினம் அண்ணை.”

“கழட்டிட்டுப் போயிட்டாங்க. அதைத்தானே நானும் எழுதியிருக்கேன்?”

“எங்கட வீட்டையும் காணியையும் ஆமி எடுக்கேக்கை, அப்பா ஓடுகளை ஒவ்வொண்டாக் கழட்டி லொறியிலை ஏத்தினவர். திரும்பி வந்து போடலாம் எண்டுதான். வராமல் விடுறவன் ஏன் ஓட்டைச் சுமக்கப்போறான்?”

எனக்கு முகம் சுட்டது. இத்தனை வருடத்தில் எத்தனை சுவர்களை இப்படித் தாண்டிப் போயிருக்கிறேனோ என்று நினைத்தேன். அறிக்கையை அன்று அனுப்பவில்லை. அங்கே இருந்த நில அளவையாளருக்கு எழுதி, அந்த வீடுகளின் சொந்தக்காரர்களைத் தேடச் சொன்னேன். பழைய ரயில் பாதையிலிருந்து மலைக்குக் கிளைப் பாதை வர வேண்டிய இடமே அந்தப் பதினேழு வீடுகளின் நிலம்தான். அவர்களைக் கணக்கில் சேர்த்தால் வேலை தள்ளிப்போகும். ‘சாதகம்’ என்று இருந்த முடிவை ‘நிபந்தனையோடு சாதகம்’ என்று மாற்ற வேண்டியிருக்கும். மேலதிகாரி கூப்பிட்டு, படத்தில் இல்லாத ஆட்களை எங்கிருந்து கொண்டு வருகிறேன் என்று கேட்டார். பதில் வரும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. முன்பு வேறொரு நிறுவனம் அங்கே தாது இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்க வந்ததாம். கொஞ்ச நாள் தள்ளி இருங்கள் என்று சொன்னதாம். பதினேழு குடும்பத்தாரும் கூரைத் தகரங்களைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப்பக்கம் போனார்கள். நிறுவனம் போய்விட்டது, திரும்பி வரலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் வந்து, அந்தச் சுவர்களைச் சுற்றி விதைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லாரையும் மாற்று நிலம் பெறுவோர் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. கடைசியில் அளவையாளர் ஒன்று எழுதியிருந்தார்: தாங்கள் இருப்பது லண்டனில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு பெண் கேட்டாராம். நன்றி சொல்லச் சொன்னாராம்.

அந்த நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தை அச்செடுத்து அந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். முடித்தபின் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

“திரும்பிப் போகலாம் எண்டு ஆராவது வந்து சொல்லுவினமோ எண்டு அப்பா சாகும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்,” என்றார். “எங்களிட்டை ஒருத்தரும் வந்து கேக்கேல்லை அண்ணை.”