இருட்டறைப் பட்டாணி

பட்டாணிக்குக் குளிர் வேண்டும். கொச்சியில் குளிருக்கு எங்கே போவது? செடி வளர்ந்து பூக்கும் முன்பே வதங்கிவிடும். அதனால் என் பேராசிரியர், முளைவிட்ட முதல் வாரத்தோடு முடிகிற ஆராய்ச்சியாகப் பார்த்துக் கொடுத்தார். வெளிச்சமே படாத பட்டாணி முளை எப்படி வளர்கிறது என்று நான் அளக்க வேண்டும். இருட்டில் அது வெளிறி, நூலாக நீண்டு, புதுப்பெண் போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். கொஞ்சம் வெயில் பட்டாலும் தலை நிமிர்ந்துவிடும், நீளுவது குறைந்துவிடும். அப்புறம் அளந்து பயனில்லை.

எர்ணாகுளத்தில் எங்கள் கல்லூரி இருட்டறைக்குள் ஓட்டைக் கூரை வழியாக வெயில் விழுந்தது. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டின் பின்கட்டில் சன்னலே இல்லாத ஓர் அறை இருந்தது. தூரமானால் பெண்கள் மூன்று நாள் ஒதுங்கி உட்காரும் அறை. வீட்டில் பெண்கள் நானும் மாமியாரும்தான், அவருக்கு அந்தத் தொல்லை எப்போதோ விட்டது. மற்ற நாட்களில் செடி வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். பேஷாக வைத்துக்கொள் என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. விடியுமுன் சமையல், பிறகு எர்ணாகுளத்துக்குப் படகு, கல்லூரியில் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு, மறுபடி படகு, மறுபடி அடுப்பு. அதற்கப்புறம் பச்சை வெளிச்சம் முளையைக் கெடுக்காது என்பதால் டார்ச் விளக்கில் பச்சைக் கண்ணாடித்தாள் சுற்றி, அந்த மங்கலில் முளைகளை அளப்பேன். குனிந்தால் நிமிர மனம் வராது. அங்கேயே தரையில் சாய்ந்துவிடலாமா என்று இருக்கும்.

கடைசிச் சுற்று விதைத்திருந்தேன். அந்த மாதத்தோடு பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். அவர் போய்விட்டால் பட்டாணியை மேற்பார்க்க வேறு ஆள் இல்லை. இந்த முளைகள் சரியாக வந்தால் பட்டம், இல்லையென்றால் இல்லை.

அந்த வாரம் பார்த்து, நாள் வருமுன்பே எனக்கு வந்துவிட்டது. மறைத்திருக்கலாம். ஆனால் படகில் வரும்போது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததாகத்தான் தோன்றியது. மூன்று நாள் அடுப்பு இல்லை, செடிகளோடு அந்த அறையிலேயே கிடக்கலாம், ஆற அமர அளக்கலாம், தூங்கலாம். கொல்லைப்புறமாக வந்து நின்று மாமியாரிடம் சொன்னேன்.

"அய்யோ, செடி உள்ளே இருக்கே!" என்று அவர் அறைக்கு ஓடினார்.

"வேண்டாம்மா, எடுக்காதீங்கோ! வெளிச்சம் படப்படாது!"

"நீ அங்கேயே நில்லு. உன் தீட்டு பட்டா எல்லாம் பட்டுப்போயிடும். உன் படிப்பாச்சேன்னுதானே நான் ஸ்ரமப்படறேன்!"

ஓடிப்போய்த் தடுத்திருக்க வேண்டும். அவரைத் தொட்டுவிடக் கூடாதே என்று கால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு தட்டாகத் தூக்கிவந்து, துணி துவைக்கிற கல்லின்மேல் சாயங்கால வெயிலில் அடுக்கினார். இத்தனை வருஷப் பாடும் அந்தக் கல்லின்மேல் காய்ந்துகொண்டிருந்தது.

அவர் குனிந்து ஒரு முளையைப் பார்த்தார். "இதென்ன கோலம்! பாவம், ரத்தமே இல்லாம வெளறிப் போயிருக்கு. இந்த இருட்டிலே கெடந்தா எது உருப்படும், கேட்டியா? இனியாவது இத்திரி, கொஞ்சூண்டு வெயில் கொள்ளட்டும்."

பிறகு அறையைப் பெருக்கிப் பாயை விரித்தார். சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டு எட்ட வந்து நின்றார்.

"ம், உள்ளே போய் உக்காரு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "பட்டாணிக்கு ஆகாத இருட்டு எனக்கு மட்டும் ஆகுமாம்மா? என்னை யாரு வெயில்ல வெக்கப்போறா?"

திட்டுவார் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி அந்த அறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை யாருடி வெச்சா?" என்றார்.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.