மூன்று மணி நேரக் கொடி

என் கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடமாக ஒரே வழித்தடம். எங்கள் கல்யாணத்துக்கே சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் வந்துவிட்டு, அந்த இரண்டு நிமிடத்தையும் வாசலில் நின்று கழித்த பிறகுதான் உள்ளே வந்தார். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆளோடு குப்பை கொட்டுவது என்ன லேசான காரியமா?

"லேட்டா போனா திட்டுவாங்க, அவ்வளவுதான். நேரத்துக்கு முன்னாடி வண்டிய எடுத்தா, நம்மள நம்பி ஓடி வர்றவர விட்டுட்டுப் போறோம். அதுதான் பெரிய தப்பு" என்பார். வேலை முடிந்து பஸ்ஸை டிப்போவில் விட்டதும் உடனே இறங்கிவிட மாட்டார். கடைசி சீட் வரைக்கும் நடந்து போய், யாராவது தூங்கிக்கொண்டிருக்கிறார்களா என்று குனிந்து பார்ப்பார். ஒருமுறை ஒரு பெரியவர் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாராம். அதிலிருந்து ஒருநாள் கூட அவர் அதைத் தவறவிட்டதில்லை.

இவர் சேர்ந்திருக்கும் கிளப்பில் பெரும்பாலோர் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற சூரர்கள். சைக்கிளை வாங்குவதற்கு முன் எடை போட்டுப் பார்க்கிறவர்கள். என் வீட்டுக்காரருக்கு நீச்சல் சுட்டுப்போட்டாலும் வராது. அவர்கள் ஏரியில் நீந்தும்போது இவர் கரையில் அவர்களுடைய ஷூக்களை ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்துக்கொண்டு நிற்பார். பார்க்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கிளப் நடத்தும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தில் இவருக்கென்று ஒரு வேலை உண்டு. கையில் '3 மணி' என்று எழுதிய சின்னக் கொடி. மெதுவாக ஓடுகிறவர்கள் அந்தக் கொடியை விடாமல் தொடர்ந்தால் போதும், மூன்று மணி நேரத்துக்குள் கொண்டு போய்ச் சேர்த்துவிடுவார். மூன்று மணி நேரம் ஆனதும் ஓட்டம் முடியும் இடத்தில் இருக்கும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பிறகு வருகிறவர்களுக்கு மெடல் கிடையாது, பட்டியலில் பெயரும் வராது. அதனால் இவருடைய கூட்டத்துக்குக் கிளப்பில் வைத்த பெயர் 'கடைசி பஸ்'. கொடி பிடித்த ஏழு வருடமும் இரண்டு மணி ஐம்பத்தொன்பதாவது நிமிடத்தில் உள்ளே வந்திருக்கிறார். ஒருமுறை கூடப் பிசகியதில்லை.

நான் மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இந்த மனுஷன் எங்கேதான் போகிறார் என்று பார்க்கக் கிளம்பி, நானும் கிளப்பில் மாட்டிக்கொண்டேன். போன வருடம், 'கட்டின புருஷன் பிடிக்கிற கொடிக்குப் பின்னாலயா நான் ஓடணும்?' என்ற வீம்பில் அவரை முந்திக்கொண்டு ஓடினேன். பாதியிலேயே கால் இரண்டும் கல்லாகிவிட்டது. நான்கு நிமிடம் தாமதம். என் முகத்துக்கு நேராகக் கேட் சாத்தியிருந்தது. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இந்த வருடம் வாயை மூடிக்கொண்டு கொடியின் பின்னாலேயே ஓடினேன். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். பதினைந்தாவது கிலோமீட்டரில் தண்ணீர் வைத்திருந்த மேசைமேல், ஓட்டம் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்டும் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. இவர் அதைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். கையில் இரண்டு மணி ஏழு நிமிடம். மேசையில் இரண்டு மணி பதினொன்று.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பிறந்தநாளுக்கு மகள் வாங்கித் தந்த புதுக் கடிகாரம் அது. கால் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும். வழியில் நான்கு இடத்தில் தண்ணீர் கொடுத்தார்கள். நான்கிலும் எல்லோரும் குடித்தார்களா என்று தலையை எண்ணிக்கொண்டு ஒவ்வொரு நிமிடம் நின்றிருக்கிறார். கடிகாரமும் கூடவே ஓய்வெடுத்திருக்கிறது.

நானாக இருந்தால் வெளியே சொல்லாமல் வேகத்தைக் கூட்டியிருப்பேன். இவர் கொடியைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் கேளுங்க. தப்பு என்னோடது. நாலு நிமிஷம் பின்னாடி இருக்கோம். இனிமே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அரை நிமிஷம் மிச்சம் பிடிக்கணும். முடியுமா?"

"டிரைவரே இப்படிக் கைய விரிச்சா நாங்க எங்கங்க போறது?" என்றார் எங்கள் கூட்டத்தில் இருந்த தபால்காரர் ஒருவர். சொல்லிவிட்டு அவரே முதல் ஆளாக ஓட ஆரம்பித்தார்.

ஓடினோம். பத்தொன்பதாவது கிலோமீட்டரில் எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. கொடி பத்தடி தள்ளிப் போனது, பிறகு இருபதடி. இவர் திரும்பிப் பார்த்தார். கொடியைத் தபால்காரர் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் பின்வாங்கி வந்தார்.

"நீங்க போங்க. ஏழு வருஷப் பேரு கெட்டுப்போயிடும்" என்றேன்.

"மூச்ச பேசியே செலவு பண்ணாத. அந்தக் கம்பம் வரைக்கும் வா."

அந்தக் கம்பம் வந்ததும் அடுத்த கம்பம். அதற்கப்புறம் ஒரு மரம். மனதுக்குள் அவரை நான் திட்டாத திட்டு இல்லை. கேட் கண்ணில் பட்டபோது கிளப் செயலாளர் அம்மா ஒரு கையைக் கேட்டின்மேல் வைத்துக்கொண்டு சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். தபால்காரரும் மற்றவர்களும் உள்ளே நின்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே விழுந்தேன். இரண்டு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தேழு விநாடி.

திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம்.

கேட்டுக்கு வெளியே ஐந்தாறு எட்டு தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். காலியான சாலையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க!" என்று எல்லோரும் அலறியபின்தான் ஓடி வந்தார். மூன்று மணி, இரண்டு விநாடி. செயலாளர் அம்மா பாவம், கண் கலங்கிவிட்டார். ஆனால் விதி விதிதான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "அங்க என்னத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க? பதினொரு பேரும்தான் உள்ள வந்தாச்சே!"

"தெரியும். இருந்தாலும் யாராவது விட்டுப்போச்சான்னு ஒரு தடவ பாத்தேன். பழக்கம்."

"ஏழு வருஷப் பேரு போச்சே, மனுஷா!"

"பஸ்ல கடைசியா இறங்குறது டிரைவர்தானே" என்றார். சொல்லிவிட்டு, என் கழுத்தில் கிடந்த மெடலைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் ஆத்திரம் போன இடம் தெரியவில்லை.

கிளப் ஒட்டிய பட்டியலைப் படம் எடுத்து, பெரிதாக அச்சுப் போட்டு, மருந்துக் கடைக் கல்லாவுக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். கடைசிப் பதினொரு பெயரைச் சுற்றி நானே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். மாத்திரை வாங்க வருகிறவர்கள் படித்துவிட்டு, "என்னம்மா, உங்க வீட்டுக்காரரு பேரக் காணோமே?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டும் என்றுதானே ஒட்டியிருக்கிறேன்.

"அவரு பேரு இருக்காதுங்க" என்பேன். "இந்தப் பதினொரு பேரையும் ஏத்திக்கிட்டு வந்தவரு அவருதான்."