மலைமுதுகில் மருமகனும் நானும்

கடல் கடந்து பூமியின் தென்கோடிக்கு வந்து நாங்கள் குடியிருக்கும் மெரிலேண்ட்ஸ் வீட்டில் என்னைத் தனியே விட்டால் அடுப்பை அணைக்க மறந்துவிடுவேன் என்று மகளுக்குப் பயம். அதனால் அந்தப் புரட்டாதியில் அவளும் மருமகனும் வடக்கே மலைநாட்டில் சில நாள் நடக்கப் புறப்பட்டபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"லேசான நடை அம்மா. கோயில் வீதி சுத்திற மாதிரித்தான்."

நான் ஓம் என்றேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கோயில் வீதியில் அட்டை கடிக்காது. முதல் நாள் முழுக்க மரவேர்களைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். கூடாரத்தில் படுத்தோம். மறுநாள் மரங்களே முடிந்துபோயின. மலையின் முதுகு மட்டும் நீண்டு கிடந்தது. பாறை, முழங்காலுக்குக் கீழே நிற்கும் புல், காற்று. இங்கே இதை வசந்தம் என்கிறார்கள். எனக்குப் பல் கிடுகிடுத்தது. திரும்பினாலும் அதே தூரம், முன்னே போனாலும் அதே தூரம் என்றாள் மகள். போனுக்குச் சிக்னல் இல்லை. இடையில் இறங்கவும் வழி இல்லை.

ஏற்றத்தைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஒதுங்க இடம் இல்லாததுதான் பெரிய கரைச்சல். ஒரே வீட்டில் இருந்தும் மருமகனோடு நான் நேரே பேசியதில்லை. அவர் பக்கத்தில் நின்றாலும், "தம்பிக்குச் சாப்பாடு போட்டாச்சு எண்டு சொல்லு பிள்ளை" என்று மகளிடம்தான் சொல்வேன். முதல் நாள் மகளின் காதுக்குள் மெல்லச் சொன்னதற்கு அவள், "அப்பா, நில்லுங்கோ! அம்மாவுக்கு ரொய்லெட்டாம்!" என்று காடே கேட்கக் கத்தினாள். புருஷனை அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு மறைய மரமாவது இருந்தது.

எனவே இரண்டாம் நாள் நான் தண்ணீரை விட்டுவிட்டேன். போத்தலை வாயில் வைத்து, குடிப்பதுபோலக் காட்டி மூடிவிடுவேன்.

மத்தியானம் கண் இருட்டியது. ஒரு கல்லில் இருந்துவிட்டேன். "அவரோட இருங்கோ அம்மா, டக்கெண்டு வாறன்" என்று மகள் தண்ணீர் எடுக்கக் கீழே ஓடைக்கு இறங்கிப் போனாள்.

மருமகன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். பிறகு எங்கோ பார்த்தபடி சொன்னார்:

"மாமி, காலமை நிரப்பித் தந்த போத்தில் அப்பிடியே பாரமாக் கிடக்கு."

நான் போத்தலை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"குடிக்காட்டி விழுந்திடுவியள். விழுந்தா ஹெலிகொப்டர்தான் வரும். கயித்திலை கட்டித் தூக்குவாங்கள். எல்லாரும் அண்ணாந்து பார்ப்பினம்."

அந்தக் காட்சியை நினைக்கவே எனக்கு உடம்பு கூசியது.

"நான் உந்தப் பாறைக்கு அங்கால போய்க் கிரிக்கெட் கொமன்ரி மாதிரிக் கத்திறன். சத்தம் அங்கால கேட்டா, நான் அங்கதான் நிக்கிறன் எண்டு நினையுங்கோ."

போய்விட்டார்.

"இந்தா ஒரு மலை! அதுக்குப் பின்னால இன்னொரு மலை! அட, அதுக்கும் பின்னால ஒண்டு!"

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த எனக்கு அதற்குமேல் முடியவில்லை. புல்லுக்குள் குந்தினேன். எல்லாம் முடிந்து உடுப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பப் பார்த்தால், முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. புல்லைப் பிடித்தேன், வேரோடு கையில் வந்தது. சுற்றிலும் வானம். மகளைக் காணவில்லை.

"தம்பி" என்றேன். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. அவர் எத்தனையாவது மலையிலோ நின்றார்.

"தம்பீ!"

இந்த நாட்டுக்கு வந்து நான் போட்ட முதல் கூச்சல் அதுவாகத்தான் இருக்கும். கொமன்ரி நின்றது.

"வரட்டோ மாமி?"

"வாங்கோ. பாராதேங்கோ."

"பாராமல் வந்தா நான் விழுந்திடுவன் மாமி."

"பாராதேங்கோ!"

பின்பக்கமாக நடந்து வந்தார். குதிக்காலால் கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஒருதரம் சறுக்கி, ஒரு கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இழுத்தார். முழங்கால் முறிந்ததுபோல் சத்தம் கேட்டது, ஆனால் எழும்பிவிட்டேன்.

"எழும்பியாச்சோ?"

"ஓம்."

"அப்ப தண்ணியைக் குடியுங்கோ."

மூச்சு விடாமல் குடித்தேன்.

மகள் இளைக்க இளைக்க ஏறி வந்தாள். "ஆர் கத்தினது? ஓடை வரைக்கும் கேட்டுது."

"நான்தான். மலை எண்ணினனான்" என்றார் மருமகன்.

"உங்களுக்கு விசர்" என்று மகள் தன் தலையைத் தட்டிக் காட்டினாள்.

அதற்குப் பிறகும் மலைமுதுகு முடியவில்லை. மறுநாளும் அதே புல், அதே காற்று. நான் பின்தங்கினால் போதும், மருமகன் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னே போய்க் கத்தத் தொடங்குவார். அவள் ஏசுவதும் கேட்கும். நானோ நல்ல பாறையாகப் பார்த்து அதை ஒரு கையால் பிடித்தபடி, இந்தத் தடவையாவது எழும்பு என்று முழங்காலைக் கெஞ்சிக்கொண்டு குந்தியிருப்பேன்.