நிறை பார்க்கப் போனால் பனங்கட்டி

போன வியாழக்கிழமை என் மகளை நெல் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினேன்.

சிரிக்காதீர்கள். வேறு வழி? கிளினிக்கில் இருப்பது கைக்குழந்தைகளைத் தொங்கவிட்டு நிறுக்கிற தராசு. எங்கள் சுபாவுக்கு ஒன்பது வயது. அதில் அவளைத் தொங்கவிட்டால் தராசும் மிஞ்சாது, கூரையும் மிஞ்சாது. ஆகவே மாதம் ஒருமுறை ஸ்கந்தபுரம் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போகிறோம்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுபாவுக்குப் பிறவியிலேயே டவுன் சின்ட்ரோம். உயரம் மெதுவாக வளரும், பேச்சு மெதுவாக வரும், கோபம் மட்டும் சட்டென்று வரும் – அது என் பக்கத்துச் சீதனம் என்கிறாள் மனைவி. இதயத்திலும் சின்னதாக ஒரு ஓட்டை.

"இப்போதைக்குப் பயமில்லை மாஸ்ரர். ஆனா நிறை கூடினா இதயத்துக்கு வேலை கூடும். பிறகு கொழும்புக்கு அனுப்ப வேண்டி வந்தா..." என்று டொக்டர் இழுத்தார். அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. இந்தச் சண்டைக்குள் வவுனியா தாண்டுவதற்கு அனுமதிப் பாஸ் கேட்டு அலைந்தவர்கள் அதைத் தாங்களே முடித்துக்கொள்ளலாம்.

ஆனால், வன்னியில் போய் 'என் பிள்ளைக்கு நிறை கூடிப்போச்சு' என்று சொல்லிப் பாருங்கள். விசர் என்பார்கள்! கிளினிக் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் எல்லாம் எலும்பும் தோலும். நிறை அட்டையில் எல்லாருடைய கோடும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து எங்கள் சுபா கொழுகொழுவென்று உள்ளே வந்தால் நிறை குறிக்கிற தாதி மிஸிக்கு எப்படி இருக்கும்?

"இஞ்ச பாருங்கோ, இவவின்ர கோடு எவ்வளவு வடிவாப் போகுது!" என்று, சங்கக்கடையில் நிறுத்து நான் எழுதிக் கொண்டுபோன நிறையைக் குறித்த அட்டையை மற்றத் தாய்மாருக்குத் தூக்கிக் காட்டினார். நானும் மகள் புலமைப்பரிசில் பாஸ் பண்ணின மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். படித்தவன் பாருங்கள்!

டொக்டர்தான் காற்றை இறக்கினார். "மாஸ்ரர், இவ கட்டை. வயசுக்கு நிறை பாக்காதேங்கோ, உயரத்துக்குப் பாருங்கோ. மெலிய வைக்கச் சொல்லேல்லை. நிறை இப்பிடியே நிக்கட்டும், உயரம் வளரட்டும்."

அதற்குத்தான் இந்த மாதாந்தத் தராசு யாத்திரை.

வியாழக்கிழமை சங்கக்கடை மனேஜர் கல்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "சாக்கின்ர நிறையைக் கழிக்கவோ மாஸ்ரர்?" என்றார். பகிடியாம். போன மாதத்தைவிட இரண்டு கிலோ கூட. எனக்குத் தலை சுற்றியது. அது சுற்றி முடிவதற்குள் மனேஜர் ஒரு துண்டு பனங்கட்டியை எடுத்துச் சுபாவின் கையில் வைத்தார்.

"என்ன இது?"

"பிள்ளை அசையாம நிண்டதுக்கு. மாசாமாசம் குடுக்கிறனான்... பாவம்தானே!"

நிறை கூடிவிட்டதா என்று பார்க்கப் போனால் அங்கேயும் நிறை கூட்டி அனுப்புகிறார்கள். எப்படி இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் விசாரணைக் கமிஷன் வைத்தேன். முதல் சாட்சி, பக்கத்துக் காணி முத்தம்மா. மலைநாட்டிலிருந்து வந்து இங்கே மிளகாய்த் தோட்டம் செய்கிறவர். நாலு பிள்ளைகள்.

"ரெண்டே ரெண்டு ரொட்டிதாங்க மாஸ்டர். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வாசல்ல வந்து நிக்கிற புள்ளய வெறுங்கையோட அனுப்ப மனசு வருமாங்க? பாவம்ங்க."

நிவாரண மா. சொந்தப் பிள்ளைகளுக்கே அரை வயிறு. அதில் கிள்ளி என் பிள்ளைக்கு! என்ன சொல்லி ஏசுவது? திரும்பி வந்துவிட்டேன்.

அந்தக் கோபத்தை எங்கே இறக்குவது? வீட்டில்தான். "ஊர் முழுக்கச் சேந்து என்ர பிள்ளையைக் கொல்லப் பாக்குது!" என்று முற்றத்தில் நின்று கத்தினேன்.

"அப்பாவும்!" என்றாள் சுபா.

"என்ன?"

கிட்ட வந்து என் சேட்டுப் பொக்கற்றில் தட்டினாள். "பிஸ்கற்!"

மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே அச்சிட முடியாது.

ஓம்... நான்தான். குளிக்கச் சவர்க்காரம் கிடைக்காத ஊரில் தேடித் தேடி பிஸ்கற் வாங்கிய மகான். பள்ளிக்கூடம் விட்டுச் சுபாவையும் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் வரும்போது வழியில் பிள்ளைகள் நிலத்தில் கோடு கீறிக் கிளித்தட்டு மறித்துக்கொண்டிருப்பார்கள். "நானும்" என்பாள். "அவை தள்ளிப்போடுவினம், வாம்மா" என்று ஒரு பிஸ்கற்றைக் கையில் திணித்துச் சைக்கிளை மிதிப்பேன். ஒவ்வொரு நாளும்.

யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் இவளுக்குக் கொடுக்க ரொட்டி இருக்கிறது, பனங்கட்டி இருக்கிறது, பிஸ்கற் இருக்கிறது. விளையாட்டில் ஒரு இடம்தான் இல்லை. அந்த இடத்தை நானே கொடுக்கவில்லை என்றால் ஊரை எப்படிக் குறை சொல்வது?

"ஓடி விளையாட விடுங்கோ. மூச்சு வாங்கினா அவவே இருந்திடுவா. பயம் பிள்ளைக்கில்லை, உங்களுக்குத்தான்" என்று டொக்டர் அன்றே சொன்னார். எனக்கு வசதியான புத்திமதி மட்டும்தான் காதில் ஏறும்.

திங்கட்கிழமை சைக்கிளை நிறுத்தி அவளை இறக்கிவிட்டேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். "இவவையும் சேருங்கோ" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் போய் நின்றேன்.

சுபா ஓடினாள். ஓட்டமா அது? வாத்து நடை. இரண்டு தரம் குந்தியிருந்து மூச்சு வாங்கினாள். திரும்ப எழும்பினாள். மூன்றாம் கோட்டில் தர்ஷினி என்ற வாயாடி அவளுடைய முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"தொட்டிட்டன்! நீ அவுட்! வெளியில போ!"

"இல்லை! நான் போகன்!"

"அளாப்பி! சுபா அளாப்புறாள்! கள்ள விளையாட்டு!" என்று ஒரு கூட்டமே அவளைச் சூழ்ந்துகொண்டு கத்தியது. இவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முகம் சிவக்கச் சிவக்கத் திருப்பிக் கத்தினாள்.

நான் அசையவில்லை. என் மகளை ஒருவரும் பாவம் பார்க்காததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.