பள்ளியின் பெயரைச் சொன்னது நான்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் சிங்காநல்லூரில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். ஏழாவது படித்துக்கொண்டிருந்த தங்கை செல்வியைச் சனிக்கிழமைகளில் கூட்டிப்போவேன். தன்னைப் பன்னிரண்டு வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்ட யாரோ ஒருத்தியுடன் அவள் சாட் செய்வாள். செல்வி சொல்லச் சொல்ல, கீபோர்டைப் பார்க்காமலே நான் டைப் செய்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒருநாள், எந்தப் பள்ளி, எத்தனை மணிக்கு விடும் என்று கேள்வி வந்தது.

"சொல்லலாமாக்கா?" என்றாள் செல்வி.

"பட்டிக்காட்டு ஆளாட்டப் பயப்படாத கண்ணு" என்று சிரித்து, நானே பதிலை அனுப்பினேன்.

அடுத்த வாரம் பள்ளி வாசலில் நாற்பது வயது ஆள் ஒருவன் செல்வியைப் பெயர் சொல்லி விசாரித்து, சாட்டில் பேசியது தான்தான் என்று அவள் கையைப் பிடித்தான். உதறிவிட்டு வீடுவரை ஓடிவந்தவள், நடந்ததைச் சொல்லி அழுதாள்.

"இஸ்கூல் பேர அவனுக்கு ஆரு சொன்னது?" என்று அப்பா கேட்டார்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன்.

"நாந்தானுங்கப்பா" என்றாள்.

"படிச்சது போதும் அம்மணி. இனி ஊட்டுல இரு."

உண்மையைச் சொன்னால் என் படிப்பும் நின்றுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை நான் கல்லூரிக்குக் கிளம்பியபோது அவள்தான் சோறு கட்டிக் கொடுத்தாள்.

பிள்ளைகளோடு கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள். கேட்பது யாரென்று பாருங்கள். பயந்து ஓடிவந்து சொல்லும் பிள்ளையின் படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.